துப்பாக்கிக்குள் ஒரு கூடு, அதற்குள் ஓர் உலகம்: காஞ்சி முதல் திருச்சி வரை... தெரியுமா?

கோயிலுக்கும் பட்டுக்கும் பேர்போன காஞ்சிபுரத்துக்கும், ராணுவ வீரர் தோளில் தொங்கும் ரைஃபிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது! ஒரு துப்பாக்கியை எது நல்ல துப்பாக்கியாக்குகிறது, ஒன்று மலிவாகவும் இன்னொன்று பல மடங்கு விலையாகவும் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கான பதில், காஞ்சிக்குப் பக்கத்து வயல்வெளியில் தொடங்கி திருச்சித் தொழிற்சாலை வரை நீள்கிறது. வழி நெடுகிலும் வியப்புகள்தான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், வாருங்கள்!

ஒரே ஊரில் மூன்று போர்கள் நடந்தன, தெரியுமா?

காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூர் என்றொரு கிராமம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவர்களை அங்கே முறியடித்தான் என்கிறது காசக்குடிச் செப்பேடு. சாளுக்கியப் புலிகேசியின் படையெடுப்போடு வரலாற்று ஆசிரியர்கள் இணைத்துப் பேசும் போர் அது. ஏறக்குறைய 1,150 ஆண்டுகள் கழித்து, 1780 செப்டம்பர் 10 அன்று, அதே ஊரில் மறுபடியும் ஒரு பெரும் போர்! கர்னல் வில்லியம் பெய்லி தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் சுற்றி வளைத்து நொறுக்கினார்கள். இந்திய மண்ணில் கம்பெனி அதுவரை சந்தித்த மிகப் பெரிய தோல்விகளில் ஒன்று அது. சிறைப்பட்ட பெய்லி, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782இல் இறந்துபோனார். பெய்லி தோற்ற மறு ஆண்டே, 1781 ஆகஸ்டில், அதே புள்ளலூரில் பிரிட்டிஷ் தளபதி சர் அயர் கூட்டின் படையோடு ஹைதர் மீண்டும் மோதினார். அந்தப் போரில் விழுந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்றும் அந்த ஊரில் நிற்கின்றன!

கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டு ஓடினார் ஒரு தளபதி, தெரியுமா?

பெய்லியின் படை அழிந்துகொண்டிருந்த நேரத்தில், சில மணி நேர நடைத் தூரத்தில், காஞ்சிபுரத்திலேயே பெரும் படையோடு இருந்தார் சர் ஹெக்டர் மன்றோ. 1764இல் பக்ஸார் போரில் வென்ற அதே மன்றோ! ஊரில் சேர்த்துவைத்த தானியத்தையும் தளவாடத்தையும் விட்டு நகரத் தயங்கினார். பெய்லி வீழ்ந்தார் என்ற செய்தி வந்ததும், இழுத்துச் செல்ல முடியாத கனத்த பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆயுதமாக இருந்தால் என்ன, வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாவிட்டால் அது வெறும் இரும்புதான்! ஆயுதத்தின் தரத்தில் எடையும் ஒரு பாதி என்பதை அன்றைக்கே காட்டிவிட்டது காஞ்சி.

ஒரு சாண் இரும்புக் குழாய் ஐரோப்பாவையே திகைக்க வைத்தது, தெரியுமா?

புள்ளலூரில் கம்பெனிப் படையைக் கலங்கடித்தவற்றில் மைசூர் ராக்கெட்டுகளும் உண்டு. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் அந்தப் போரில் வெடித்துச் சிதறின. ராக்கெட் என்பது புதுப் பொருள் அல்ல. சீனரும் ஐரோப்பியரும் அதற்கு முன்பே விட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் மைசூரின் ரகசியம் என்ன? மருந்தில் இல்லை, கூட்டில்! மற்றவர்கள் காகிதத்திலோ அட்டையிலோ குழாய் சுற்றியபோது, மைசூர்க் கொல்லர்கள் இரும்புத் தகட்டில் குழாய் செய்தார்கள். நீளம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். இரும்பு தாங்கியதால் உள்ளே மருந்தை இறுக்கி நிரப்ப முடிந்தது, அழுத்தம் கூடியது, தூரம் கூடியது. மூங்கில் கழியில் கட்டி விட்டால் ஒரு கிலோமீட்டர் வரைக்கும் பாய்ந்தது! 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட் குழாய்கள் கிடைத்தன என்றால் எத்தனை செய்திருப்பார்கள், நினைத்துப் பாருங்கள்! பிரிட்டனின் வில்லியம் காங்ரீவ் இதைப் பார்த்துத்தான் தன் ராக்கெட்டை உருவாக்கினார். ராமேசுவரத்தில் பிறந்த நம் அப்துல் கலாம், 1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது, அங்கே சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தில் திப்புவின் ராக்கெட் படையைக் கண்டு பூரித்துப்போனார்!

பேரரசே கடைசியில் மலிவுத் துப்பாக்கிக்கு இறங்கி வந்தது, தெரியுமா?

அக்காலத்துப் பிரிட்டிஷ் சிப்பாயின் கையில் இருந்தது ‘பிரவுன் பெஸ்’ என்ற சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. அரசாங்கத் துப்பாக்கியின் குழல் நீளம் முதலில் 46 அங்குலம், பிறகு 42. கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரக் கம்பெனி அல்லவா, கணக்குப் பார்த்தது! குழலை 39 அங்குலமாகக் குறைத்தது. பித்தளைப் பாகங்களை எளிமையாக்கியது, சிலவற்றை நீக்கியது. கட்டைக்குச் சாதாரண ரக மரம். மலிவான இந்தத் துப்பாக்கிக்கு ‘இந்தியா பேட்டர்ன்’ என்றே பெயர். 1793இல் பிரான்ஸோடு போர் வெடித்தது. அரசாங்கக் கிடங்கில் துப்பாக்கி போதவில்லை. கம்பெனியின் துப்பாக்கிகளை அரசாங்கமே வாங்கிக்கொண்டது. சில ஆண்டுகளில் அந்த மாதிரியையே தன் படைக்கும் அதிகாரபூர்வமாக ஏற்றது! நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களின் தோளில் இருந்தது, இந்தியாவுக்கென்று செலவு குறைத்துச் செய்த அந்த மாதிரிதான். பத்து லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தார்கள். தேவையில்லாத இடத்தில் செலவைக் குறைத்தால் தரம் கெடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

ஐம்பது துப்பாக்கிப் பொறிகளைப் பிரித்துக் கலந்து, மறுபடி பூட்டிக் காட்டினார் ஒருவர், தெரியுமா?

புள்ளலூர்ப் போர் முடிந்து ஐந்து ஆண்டு. 1785, பிரான்ஸ். ஓனோரே பிளாங் என்ற துப்பாக்கித் தொழிலாளி, ஐம்பது துப்பாக்கிகளின் சுடும் பொறியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பெட்டிகளில் வைத்திருந்தார். பார்க்க வந்தவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன்! கைக்கு வந்த பாகங்களை எடுத்து அவரே சிலவற்றைப் பூட்டிப் பார்த்தார். அத்தனையும் கச்சிதமாகப் பொருந்தின! அதுவரை ஒரு துப்பாக்கியின் திருகு இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றையும் கொல்லர் அரத்தால் ராவிப் பொருத்த வேண்டும். அதைவிட ஆச்சரியம் என்ன தெரியுமா? இப்படிச் செய்தால் துப்பாக்கிக்கு இரண்டு லீவர் காசு மிச்சமாகும் என்று பிளாங் சொன்னதையும் ஜெஃபர்சன் தன் கடிதத்தில் எழுதிவைத்தார். அளவு துல்லியமானால் தரம் கூடும், விலை குறையும்! தரமும் விலையும் எப்போதும் ஒன்றாகத்தான் ஏறும் என்ற நம்பிக்கை அன்றே உடைந்தது.

தமிழ் மண்ணின் எஃகைத் தேடி மைக்கேல் ஃபாரடே உழைத்தார், தெரியுமா?

நல்ல ஆயுதத்துக்கு நல்ல உலோகம் வேண்டும். அதில் நம் ஆட்கள் உலகத்துக்கே வாத்தியார்கள்! ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழ்ந்தபோது, சங்க காலத்திலேயே அங்கே இரும்பும் எஃகும் செய்த உலைகள் கிடைத்தன. மூசையில் உருக்கிச் செய்த தென்னிந்திய எஃகு, ‘ஊட்ஸ்’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் புகழ்பெற்றது. மின்சார மேதையாக நமக்குத் தெரிந்த ஃபாரடே, 1819 முதல் சில ஆண்டுகள் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து அந்த எஃகை ஆராய்ந்தார். அதேபோல் செய்ய முயன்று, இரும்போடு நிக்கல், வெள்ளி, பிளாட்டினம் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். கலப்பு எஃகு பற்றிய முறையான ஆராய்ச்சியின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. இன்றைய ரைஃபிள் குழலும் கலப்பு எஃகுதான்!

உருவம் ஒன்று, உலோகம் வேறு! அப்படி ஒரு ரைஃபிள் நம் நாட்டில் பிறந்தது, தெரியுமா?

வங்காளத்தில் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கியைச் செய்துவந்தது. 1962 சீனப் போர், நம் படைக்குப் புதிய ஆயுதம் வேண்டும் என்பதை முகத்தில் அறைந்து சொன்னது. புதிய 7.62 மில்லிமீட்டர் தோட்டாவின் அழுத்தம் பழைய .303 தோட்டாவைவிட அதிகம். பழைய உடற்கூடு அதைத் தாங்காது. இச்சாப்பூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? உருவத்தைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொண்டு, உடற்கூட்டின் எஃகை மட்டும் உயர்ந்த ரகத்துக்கு மாற்றினார்கள். பிறந்தது 2ஏ! சிறு மாற்றங்களோடு அடுத்தது 2ஏ1. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் பழையதில் போட்டுச் சுடக்கூடாத தோட்டாவைப் புதியது தாங்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் தரம் குடியிருக்கிறது!

இருநூறு டாலருக்கும் பத்து டாலருக்கும் ஒரே வேலை நடந்தது, தெரியுமா?

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, அமெரிக்காவின் தாம்சன் சப்-மெஷின் துப்பாக்கி ஒன்று ஏறக்குறைய 200 டாலர். எஃகுக் கட்டியைக் கடைந்து கடைந்து அதன் உடலைச் செய்தார்கள். பிரிட்டனுக்கு அவ்வளவு பணமும் இல்லை, அவகாசமும் இல்லை. 1941இல் ஸ்டென் வந்தது. குழாய், தகடு, பற்றவைப்பு, அவ்வளவுதான். விலை பத்து டாலர் வாக்கில்! பார்க்க அழகில்லை, தோட்டா அடுக்கும் மேகஸினும் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். ஆனாலும் லட்சக்கணக்கில் வந்து குவிந்தது. அதைக் கண்டு தாம்சனும் தன் பகட்டைக் களைந்தது. எளிமையாக்கிய மாதிரியின் விலை 1944 வாக்கில் 45 டாலருக்கு இறங்கிவிட்டது!

ஏகே ரைஃபிளின் கூடு இரண்டு முறை உரு மாறியது, தெரியுமா?

மிகையீல் கலாஷ்னிகோவின் ஏகே-47, முதலில் தகட்டை அழுத்தி வளைத்த உடற்கூட்டோடுதான் வந்தது. ஆனால் அன்றைய சோவியத் தொழிற்சாலைகளுக்குத் தகட்டு வேலை கைகூடவில்லை. கோணல்மாணலாகி நிராகரிக்கப்பட்டவை ஏராளம். என்ன செய்வது? 1951 வாக்கில், எஃகுக் கட்டியைக் குடைந்தெடுக்கும் பழைய முறைக்குத் திரும்பினார்கள். கூடு உறுதியானது, எடையும் செலவும் ஏறின. பிறகு தொழில்நுட்பம் கைவந்ததும், 1959இல் ஏகேஎம் வந்தது. ஒரு மில்லிமீட்டர் தடிமன் தகடு, ரிவிட், அவ்வளவே! எடை குறைந்தது, விலை இறங்கியது, உற்பத்தி பறந்தது. எந்த முறை சிறந்தது என்பதைவிட, எந்த முறை உங்கள் பட்டறைக்குக் கைவந்திருக்கிறது என்பதே முக்கியம் என்று இந்தக் கதை கற்றுத்தருகிறது.

அமெரிக்கச் சட்டத்தில் குழல் துப்பாக்கி அல்ல, கூடுதான் துப்பாக்கி! தெரியுமா?

இப்போது வருகிறது இன்றைய அதிசயம்! யூஜின் ஸ்டோனர் 1950களில் வடிவமைத்த ஏஆர் வகை ரைஃபிளின் உடல் இரண்டு கூடுகளாகப் பிரியும். மேல்கூட்டில் குழலும் பூட்டும் இருக்கும். கீழ்க்கூட்டில், அதாவது ‘லோயர் ரிசீவ’ரில், விசையும் கைப்பிடியும் மேகஸின் செருகும் வாயும் பொருந்தும். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி வரிசை எண் பொறிப்பது இந்தக் கீழ்க்கூட்டின் மேல்தான். குழலைக் கழற்றினாலும், கட்டையை மாற்றினாலும், சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது இந்த வெற்றுக் கூடே! அதனால்தான் அங்கே இந்த ஒற்றைப் பாகத்துக்குத் தனிச் சந்தையே நடக்கிறது. எது தரம், எது மலிவு என்று விவாதித்துத் தீராது.

இதில் இன்னொரு வியப்பு! தோட்டா வெடிக்கும்போது எழும் பயங்கர அழுத்தத்தைத் தாங்குவது மேலே உள்ள குழலும் பூட்டும். கீழ்க்கூட்டுக்கு அந்தப் பாரம் இல்லை. அதனால்தான் அதை எஃகில் செய்யாமல், எஃகில் மூன்றில் ஒரு பங்கே எடையுள்ள அலுமினியத்தில் செய்ய முடிகிறது.

விமானத்துக்கென்று பிறந்த அலுமினியம் ரைஃபிளுக்கு வந்தது, தெரியுமா?

எல்லா அலுமினியமும் ஒன்றல்ல! நல்ல கீழ்க்கூடுகளுக்கு 7075-டி6 என்ற கலவை. அலுமினியத்தோடு ஐந்தரை சதவீதத்துக்குச் சற்று மேல் துத்தநாகம், கொஞ்சம் மக்னீசியம், கொஞ்சம் செம்பு. இதன் மூதாதையை 1930களில் ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனம் உருவாக்கியது. புகழ்பெற்ற ஜீரோ போர்விமானத்தில் அது பயன்பட்டது. 1943இல் அமெரிக்காவின் அல்கோவா தன் 7075ஐக் கொண்டுவந்தது. சற்று மலிவான 6061 என்ற கலவையும் உண்டு. வளையாமல் தாங்கும் வலுவில் 7075, 6061ஐப் போல் ஏறக்குறைய இருமடங்கு! ஆனால் 6061க்கு அரிப்பைத் தாங்கும் குணம் கூடுதல். கடைசியில் கூட்டின் மேல் கடின அனோடைசிங் செய்வார்கள். அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். அதில் பாதி உலோகத்துக்குள்ளேயே ஊறியிருக்கும்! கத்தி கீறாத அந்தப் படலம், மேலே பூசிய பெயின்ட் அல்ல. அலுமினியமே ஆக்சைடாக மாறிக் கட்டிய கவசம்.

விலை பல மடங்கு மாறினாலும் பிறந்த பட்டறை ஒன்றாக இருக்கலாம், தெரியுமா?

கீழ்க்கூடு செய்ய வழிகள் சில. உருக்கி அச்சில் ஊற்றுவது வார்ப்பு. சூடேற்றிப் பேரழுத்தத்தில் அச்சில் அடித்து உருவாக்குவது ஃபோர்ஜிங். முழுக் கட்டியை எந்திரத்தில் குடைந்தெடுப்பது பில்லட். பிளாஸ்டிக் கூடும் உண்டு. ஃபோர்ஜிங்கில் உலோகத்தின் இழையோட்டம் உருவத்தோடு சேர்ந்து வளைவதால் வலு கூடும். பார்வைக்குப் பகட்டாக இருப்பது பில்லட். செதுக்கும் நேரம் அதிகம், வீணாகும் உலோகமும் அதிகம், எனவே விலையும் அதிகம். அமெரிக்கச் சந்தையில் ஃபோர்ஜிங் கூடு 50 முதல் 100 டாலருக்குக் கிடைக்கும்போது, பில்லட் கூட்டுக்கு 150 முதல் 300 டாலர்வரை கேட்கிறார்கள். ஆனால் ஒரே கலவையில் செய்தால் ஃபோர்ஜிங் கூடு வலுவில் பில்லட்டுக்குத் தாழ்ந்ததல்ல! விலை அதிகம் என்பதால் வலு அதிகம் என்று நினைத்தவர்கள் இங்கே வாயைப் பிளக்கிறார்கள்.

அடுத்ததைக் கேளுங்கள்! கச்சாக் கூட்டை அடித்துத் தரும் பெரிய பட்டறைகள் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணக் கூடியவையே. பற்பல நிறுவனங்கள் அவர்களிடம் வாங்கி, குடைந்து, மெருகேற்றி, தங்கள் முத்திரையைக் குத்துகின்றன. பட்டறையின் சின்னச் சின்ன அடையாளக் குறியைப் பார்த்தே எது எங்கே பிறந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை வாங்கியவர்களுக்கு இது உடனே புரியும். கடைப் பெயரும் பெட்டியும் மாறலாம். சரிகையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா, வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்பதுதானே சேலையின் மதிப்பு! கூட்டிலும் அப்படித்தான். விசையின் ஊசிகள் செருகும் துளைகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா, மேகஸின் வழுக்கி விழுகிறதா, மேல்கூடு ஆடாமல் உட்காருகிறதா? மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கு நடக்கும் போட்டி இது!

அளவுக்கு மிஞ்சி மருந்து போட்டுச் சுட்ட பிறகே விற்பனை, தெரியுமா?

தரத்தை வாய் வார்த்தையில் நம்பாதே, வெடித்துப் பார் என்பதுதான் துப்பாக்கித் தொழிலின் பழைய தர்மம். லண்டன் துப்பாக்கியாளர் சங்கத்துக்கு 1637லேயே அரச சாசனம் கிடைத்தது. வழக்கத்தைவிட அதிக மருந்து திணித்துச் சுட்டு, தாங்கிய குழலுக்கே முத்திரை இடுவார்கள். பர்மிங்காமில் 1813இல் தனிச் சோதனைச் சாலை வந்தது. இன்றைய பன்னாட்டு முறையில், ஒரு ரைஃபிளை அதன் உச்ச அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலான அழுத்தம் தரும் தோட்டாவால் சோதிக்கிறார்கள். இந்தியாவிலும் ‘பிரூஃப்’ எனப்படும் இந்தச் சோதனையைக் கடக்காமல் எந்தத் துப்பாக்கியும் உரிமம் பெற்றவர் கைக்குப் போக முடியாது. அந்தச் சின்ன முத்திரைக்குப் பின்னால் எத்தனை உயிர்களின் காவல் இருக்கிறது!

திருச்சியில் பிறக்கும் ரைஃபிளுக்கு ஊர்ப் பெயரே சூட்டியிருக்கிறார்கள், தெரியுமா?

ஆமாம், ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’! திருச்சிராப்பள்ளியின் படைக்கலத் தொழிற்சாலை 1966 முதல் இயங்குகிறது. 7.62 மில்லிமீட்டர் 1ஏ1 ரைஃபிள், பிறகு இன்சாஸ், இப்போது ஏகேஎம் வழியில் வந்த திருச்சி அசால்ட் ரைஃபிள், அதன் சிறிய தம்பியான ‘திரிகா’ கார்பைன் என்று தலைமுறை தலைமுறையாக ரைஃபிள்கள் அங்கே உருவாகின்றன. 2021 அக்டோபர் 1 அன்று நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகளெல்லாம் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, திருச்சித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா’வின் கீழ் வந்தது. தகட்டை வெட்டி, அழுத்தி, ரிவிட் அடித்து, குழல் பொருத்தி, சுட்டுச் சோதித்து அனுப்பும் அந்தத் தொழிலாளர்களில் பலர் நம் ஊர்க்காரர்கள் என்பது எவ்வளவு பெருமை!

ஒரு பிளாஸ்டிக் டப்பா போர்முனையில் காலை வாரியது, தெரியுமா?

புணேயின் ஆயுத ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்த இன்சாஸ், 1990களின் இறுதியில் படைக்கு வந்தது. 1999இல் கார்கில்! உறைபனியில் அதன் பிளாஸ்டிக் மேகஸின்கள் வெடிப்பு விட்டன என்று களத்திலிருந்து புகார்கள் வந்தன. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என்பதால், உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்த்தாலே தெரியும் அருமையான யோசனை அது. ஆனால் குளிர் அதன் பலவீனத்தைக் கண்டுபிடித்துவிட்டது. பிறகு திருத்தங்கள் செய்யப்பட்டன. முழு ரைஃபிளின் விலையில் மேகஸினின் பங்கு மிகச் சிறியது. ஆனால் அது உடைந்தால் விலையுயர்ந்த மற்ற பாகங்கள் எல்லாம் சும்மா நிற்கும். ஆயுதம் ஏந்திய வீரரின் உயிர், அதன் மிக மலிவான பாகத்தின் தரத்திலும் தொங்குகிறது. இதை நாம் மறக்கவே கூடாது.

நம் ராணுவம் ஒரு ரைஃபிளுக்கு என்ன விலை கொடுக்கிறது, தெரியுமா?

2019இல் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 சிக்-716 ரைஃபிள்கள் வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 700 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வகுத்தால் ஒன்று 95 ஆயிரம் ரூபாய் வாக்கில். மேலே பார்த்தோமே, மேல்கூடு கீழ்க்கூடு என்று இரண்டாகப் பிரியும் அலுமினிய உடல், அதே வகைதான் இது! 2024இல் மீண்டும் 73,000. இம்முறை 837 கோடி, அதாவது ஒன்றுக்கு 1.15 லட்சம் ரூபாய் வாக்கில். இன்னொரு பக்கம், உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் ரஷ்யாவோடு சேர்ந்து ஏகே-203 செய்ய 2021 டிசம்பரில் ஒப்பந்தம். ஆறு லட்சத்துக்கும் மேல் ரைஃபிள்கள், சுமார் 5,100 கோடி ரூபாய். ஒன்று 85 ஆயிரம் வாக்கில் வரும். இது தகட்டுக் கூடு. ஆனால் இந்த எண்களை அப்படியே தராசில் வைக்கக் கூடாது! கோர்வா ஒப்பந்தத்தோடு தொழில்நுட்பமும் உள்நாட்டு உற்பத்தியும் சேர்ந்து வருகின்றன. தோட்டாவும் வேறு. எதற்காக, எத்தனை, எங்கே செய்வது என்று கேட்காமல் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

நம் நாட்டில் ஒரு பாகம்கூடத் துப்பாக்கிதான், தெரியுமா?

அமெரிக்காவில் கூடு மட்டுமே துப்பாக்கி என்றால், நம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே! துப்பாக்கியின் பாகங்களும், துப்பாக்கி செய்யும் எந்திரங்களும்கூட அதன் வரையறைக்குள் வருகின்றன. உரிமம் இல்லாமல் ஒரு பாகத்தை வாங்கவோ, செய்யவோ, வைத்திருக்கவோ முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் உள்ளவர்கூடப் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. முன்பு மூன்று. கடையில் கூட்டை விலை பேசி வாங்கும் பழக்கம் நம்மிடம் இல்லாததற்கு இந்தச் சட்டம் காரணம். ஊரில் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றால் அதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு!

காஞ்சிபுரம் மாவட்டமே இன்று விமான உலோகத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது, தெரியுமா?

2019 ஜனவரி 20 அன்று தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து முனைகள். காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில் வான்வெளித் தொழில் பூங்கா அமைந்திருக்கிறது. விமான பாகங்களுக்கும் நல்ல ரைஃபிள் கூட்டுக்கும் வேண்டிய திறமை ஒன்றே: உயர்ந்த அலுமினியம், மயிரிழை பிசகாத கடைசல், கறாரான சோதனை. அந்தத் திறமையைக் கற்ற இளைஞர்கள் இன்று ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள்!

இனி செய்தியைப் படிக்கும்போது இந்த மூன்றைக் கேளுங்கள்!

அடுத்த முறை செய்தித்தாளில் ‘ராணுவத்துக்கு இத்தனை கோடியில் ரைஃபிள்’ என்று படித்தால், அந்தக் கோடியோடு நின்றுவிடாதீர்கள். என்ன உலோகம்? எந்த முறையில் உருவாக்கியது? எப்படிச் சோதித்தது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இருந்தால்தான் விலை நியாயமா என்று பேச முடியும். வரி கட்டுகிற நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. மைசூர்க் கொல்லரின் இரும்புக் குழாய் வென்றதும், கம்பெனியின் மலிவுத் துப்பாக்கி ஒரு பேரரசையே இழுத்ததும், கார்கில் குளிரில் ஒரு பிளாஸ்டிக் டப்பா தோற்றதும் இந்த மூன்றால்தான். எல்லையில் நிற்பவர் நம் வீட்டுப் பிள்ளை. அவர் கையில் இருப்பது விலை கூடியதா குறைந்ததா என்பதைவிட, சோதித்துத் தேறியதா என்பதே நமக்கு முதல் கேள்வியாக இருக்க வேண்டும்!